பாடி முடித்த பாட்டு எங்கே போகிறது?

எர்ணாகுளம் படகுத்துறையில் மட்டாஞ்சேரிப் படகைப் பிடித்தோம். எதிர்ப்பலகையில் ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டு வந்தார். படகின் எந்திரம் போட்ட இரைச்சலில் பாதிப் பாட்டு காதில் விழவில்லை. மலையாளப் பாட்டா, இந்திப் பாட்டா என்றுகூடப் பிடிபடவில்லை. கரை வந்ததும் பாட்டை நிறுத்தினார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

என்னோடு வந்திருந்த என் அக்கா மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். படகிலிருந்து இறங்கும்போதே கேட்டுவிட்டாள்.

“மாமா, அவர் போயிட்டாரு. அவர் பாடினது எங்க போச்சு?”

“காத்துல கரைஞ்சு போச்சும்மா.”

“உப்பு தண்ணியில கரைஞ்சாலும் உப்பு அங்கயேதான இருக்கு? பாட்டும் காத்துக்குள்ளயே இருக்குமா?”

நல்ல கேள்வி. அன்று முழுக்க அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் மட்டாஞ்சேரித் தெருக்களில் அலைந்தோம். அப்படி அலைவதற்கு அதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் இன்றும் நெஞ்சில் வைத்திருக்கும் பாடகர் ஒருவர் உண்டு. அவர் பாடியதில் பெரும்பகுதி உண்மையாகவே காற்றில் கரைந்து போனது. அவரிடம் வருவதற்கு முன்னால், பாட்டு எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிடலாம்.

இரண்டு விரல்களைத் தொண்டையில், குரல்வளை முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் வையுங்கள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று சொல்லுங்கள். விரலுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது ‘ம்ம்ம்ம்’ என்று முனகுங்கள். வண்டு உள்ளே மாட்டிக்கொண்டதுபோல் ஓர் அதிர்வு தெரிகிறதா? குரல்வளைக்குள் உதடுபோன்ற இரண்டு சதை மடிப்புகள் இருக்கின்றன. குரல்நாண்கள் என்று பெயர். மூச்சு விடும்போது திறந்து கிடக்கும். பேசும்போதும் பாடும்போதும் ஒன்றையொன்று நெருங்கி மூடிக்கொள்ளும். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கும், அவை உடனே மூடும், காற்று மறுபடி திறக்கும். பெரிய ஆண்களுக்கு இது நொடிக்குச் சுமார் 100 தடவைக்குமேல் நடக்கிறது. பெண்களுக்குச் சுமார் 200. உங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு 250, 300 என்று போகும். உங்கள் குரல் கீச்சென்று இருப்பதற்கு அதுதான் காரணம்.

இந்த அதிர்வு வெளியே வந்ததும் காற்றை இடிக்கிறது. ரயில் நிலையத்தில் சரக்கு வண்டிப் பெட்டிகளை எஞ்சின் வந்து இடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் பெட்டி இரண்டாவதை இடிக்கும், இரண்டாவது மூன்றாவதை. ‘டக், டக், டக்’ என்று கடைசிப் பெட்டிவரை அந்த இடி ஓடும். ஆனால் எந்தப் பெட்டியும் தன் இடத்தைவிட்டு அதிகம் நகர்ந்திருக்காது. காற்றிலும் அதேதான் நடக்கிறது. பாடகரின் வாயிலிருந்து காற்று கிளம்பி உங்கள் காதுக்கு வருவதில்லை. இடி மட்டும் வருகிறது, நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் வேகத்தில்.

இதனால்தான் உப்புக் கணக்கு இங்கே செல்லாது என்று என் மருமகளிடம் சொன்னேன். உப்பு ஒரு பொருள். பாட்டு பொருள் இல்லை, பொருளின் நடுக்கம். நடுக்கம் நின்றால் பாட்டு இல்லை.

“அப்ப அது செத்துப் போச்சா?” என்றாள். முகம் வாடிவிட்டது.

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. ஆற்றல் ஒருபோதும் காணாமல் போகாது, உருமாறும். ஒலி சுவரில் மோதும்போது ஒரு பகுதி திரும்பி வருகிறது, ஒரு பகுதி சுவருக்குள் நுழைந்து வெப்பமாகிறது. துணியில் மோதினால் இன்னும் அதிகமாக வெப்பமாகிறது. அந்தப் பெரியவரின் பாட்டு படகின் பலகையையும், எங்கள் சட்டைகளையும், எங்கள் காதுக்குள் இருக்கும் சவ்வையும் மிக மிகக் கொஞ்சமாகச் சூடாக்கிவிட்டுத்தான் போயிருக்கிறது. எவ்வளவு கொஞ்சம் தெரியுமா? சாதாரணமாக ஒருவர் பேசும்போது வெளிவரும் ஒலியின் திறன் ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். உங்கள் வீட்டு 9 வாட் எல்இடி விளக்குக்கு ஈடாக வேண்டுமென்றால் 9 லட்சம் பேர் சேர்ந்து பேச வேண்டும். இவ்வளவு சின்ன ஆற்றல்தான் ஒரு மனிதரை அழ வைக்கிறது, ஒரு குழந்தையைத் தூங்க வைக்கிறது. எனக்கு இதில் தீராத வியப்பு.

மட்டாஞ்சேரியில் பஜார் ரோடு என்று ஒரு தெரு. இரண்டு பக்கமும் ஓடு வேய்ந்த பழைய கிடங்குகள். சுக்கு, மிளகு, ஏலக்காய் வாசனை தெருவிலேயே மூக்கைத் துளைக்கும். அந்தக் கிடங்குகளில் ஒன்றில் சரக்கெல்லாம் போய்க் காலியாகக் கிடந்தது. கேட்டுக்கொண்டு உள்ளே போனோம். மருமகள் கைதட்டினாள். தட்டிய சத்தம் சுவருக்குச் சுவர் மோதி, கூரையில் ஏறி, இழுத்து இழுத்து அடங்கியது. அடுத்த கிடங்கில் சாக்கு மூட்டைகள் கூரைவரை. அங்கேயும் தட்டினாள். ‘டப்’ என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். மூட்டைகள் மிச்சத்தை விழுங்கிவிட்டன.

இதைத்தான் 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபீன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் அளந்து பார்த்தார். அங்கே புதிதாகக் கட்டிய ஒரு சொற்பொழிவு அறையில் யார் என்ன பேசினாலும் புரியவில்லை. ஒரு சொல் வாயிலிருந்து வந்தபிறகும் ஐந்தரை நொடி அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் பத்துச் சொல் வந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். சபீன் பக்கத்திலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரத்தில் தூக்கிவந்து அறைக்குள் பரப்பினார். ஒரு குழலை ஊதி நிறுத்தினார். சத்தம் முற்றிலும் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். கொஞ்சம் மெத்தை, இன்னும் கொஞ்சம் மெத்தை. மெத்தை கூடக் கூடச் சத்தம் சீக்கிரம் அடங்கியது. பொழுது விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும்! இன்று இசை அரங்கம் கட்டுகிற எல்லாரும் போடும் கணக்கு அந்த மெத்தைகளிலிருந்து வந்ததுதான். மனிதர்களும் ஒருவகையில் மெத்தைதான். ஆட்கள் நிறைந்த அறையில் எதிரொலி குறைவு.

இப்போது கொச்சியின் கல்யாண வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த கூரை. தரையில் பாய். நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள். நடுவே ஓர் ஆர்மோனியம், ஒரு ஜோடி தபேலா, ஒரு பாடகர். இதற்கு மெஹ்ஃபில் என்று பெயர். இரவு சாப்பாடு முடிந்து தொடங்கினால் விடியும்வரை போகும். பாடகருக்கும் கேட்பவருக்கும் நடுவே ஒரு கை தூரம். ஒலிக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு மடங்கு தள்ளிப் போனால் அதன் செறிவு நான்கில் ஒன்றாகும், பத்து மடங்கு தள்ளிப் போனால் நூறில் ஒன்றாகும். அப்படியானால் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். பாடுபவர் கத்த வேண்டியதில்லை. முணுமுணுத்தால் போதும்.

அப்படி முணுமுணுத்தே கொச்சியைக் கட்டிப்போட்டவர் மெஹபூப். அரபு மொழியில் அந்தப் பெயருக்கு ‘அன்புக்குரியவர்’ என்று பொருள். ஊர் அவரை மெஹபூப் பாய் என்று கூப்பிட்டது. ‘பாய்’ என்றால் அண்ணன். 1926-இல் ஃபோர்ட் கொச்சியில் பிறந்தார். மட்டாஞ்சேரியிலிருந்து நடந்தே போய்விடலாம், இரண்டும் ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். அவருடைய குடும்பம் தக்கணி உருது பேசும் முஸ்லிம் குடும்பம். பிரிட்டிஷ் பட்டாளத்தார் தங்கியிருந்த குடியிருப்புகளில் சிப்பாய்களுக்குப் பாடிக்காட்டித் தொடங்கியவர் என்று சொல்வார்கள்.

வீட்டில் தக்கணி, தெருவில் மலையாளம். மட்டாஞ்சேரியில் இது புதுமையே இல்லை. குஜராத்திகள், கட்ச் பகுதியிலிருந்து வந்த மேமன்கள், கொங்கணிகள், யூதர்கள், துணி வெளுக்க வந்து ஃபோர்ட் கொச்சியிலேயே வேர்விட்ட தமிழர்கள் என்று பல மொழிக்காரர்கள் ஒரு சின்ன இடத்தில் நெருங்கி வாழ்ந்த துறைமுகம் இது. கப்பலில் மிளகு போனது, பாட்டு வந்தது. இந்தி சினிமாப் பாட்டும், கஸல், கவாலி என்ற பாட்டு வகைகளும் இந்த ஊருக்குள் நுழைந்து, மலையாளத்தோடு கை கோர்த்துக்கொண்டன.

1951-இல் ‘ஜீவித நௌகா’ என்ற மலையாளப் படத்தில் மெஹபூப் பாடினார். அந்தக் காலத்தில் மலையாளப் படங்களுக்கு இந்திப் படங்களின் மெட்டுகளை அப்படியே எடுத்துப் போடுவார்கள். 1954-இல் ‘நீலக்குயில்’ வந்தது. இசையமைத்தவர் கே. ராகவன். கேரளத்து நாட்டுப் பாடல்களின் மண்வாசனையோடு மெட்டுகள் போட்டார். அதில் மெஹபூப் பாடிய பாட்டு இன்றும் கேரளத்தில் சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். 1961-இல் ‘கண்டம் பெச்ச கோட்டு’. மலையாளத்தின் முதல் முழுநீள வண்ணப்படம். எம்.எஸ். பாபுராஜின் இசையில் அதிலும் மெஹபூபின் குரல் இருக்கிறது.

அவருடைய குரலை எப்படிச் சொல்வது? பளபளப்பான குரல் இல்லை. கொஞ்சம் தளர்ந்த, சிரித்துக்கொண்டே வருத்தத்தைச் சொல்கிற குரல். உங்கள் தெருவில் எல்லாருக்கும் பிடித்த ஒரு சித்தப்பா பாடினால் எப்படி இருக்கும், அப்படி. மலையாளப் படப் பாட்டுகளில் பலவும் அன்று சென்னையில்தான் பதிவாயின. சென்னையில் குடியேறியிருந்தால் இன்னும் நிறையப் பாடியிருக்கலாம். அவருக்குக் கொச்சியின் நண்பர்களும் கல்யாண வீடுகளும் போதுமாயிருந்தன. 1981-இல் காலமானார்.

மெஹ்ஃபிலில் அவருக்குத் துணையிருந்த இரண்டு கருவிகளையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம், ஏனென்றால் இரண்டுக்குள்ளும் நல்ல அறிவியல் ஒளிந்திருக்கிறது.

ஆர்மோனியத்தின் மேல்மூடியைத் திறந்தால் வரிசையாகப் பித்தளை நாக்குகள். ஒரு முனை திருகி இறுக்கப்பட்டிருக்கும், மறுமுனை சும்மா இருக்கும். துருத்தியை அழுத்தினால் காற்று வரும். கட்டையை அழுத்தினால் ஒரு நாக்கின் வழி திறக்கும், நாக்கு துடிக்கும். நீளமான, கனமான நாக்கு மெதுவாகத் துடிக்கும், தடித்த ஒலி. குட்டி நாக்கு வேகமாகத் துடிக்கும், மெல்லிய ஒலி. மேசை விளிம்பில் ஸ்கேலை வைத்து வெளியே நீட்டிய பகுதியைச் சுண்டிப் பாருங்கள். நீட்டலைக் குறைக்கக் குறைக்க ஒலி மேலே ஏறும். ஆர்மோனியம் முழுக்க அந்த ஸ்கேல்தான். இது 1840-களில் பாரிஸில் உருவான கருவி. அங்கே காலால் மிதித்து வாசித்தார்கள். நம் ஊரில் தரையில் உட்கார்ந்து பாடுவோம் அல்லவா? கல்கத்தாவில் அதைக் கையால் துருத்தி போடும்படி மாற்றினார்கள்.

ஆர்மோனியத்துக்கு ஒரு குறை உண்டு. அது படிக்கட்டு மாதிரி. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவத்தான் முடியும். மனிதக் குரல் சறுக்குமரம் மாதிரி. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகும். குரல்நாண்களை இழுத்துப் பிடிக்கும் தசைகள் நூலிழை நூலிழையாக இறுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போக முடிவதால் இது நடக்கிறது. நம் இசையின் உயிரே அந்த வழுக்கல்தான் என்பதால், 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே தடைசெய்தது. தடை விலக 30 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. எனக்கு அந்தத் தடையில் உடன்பாடு இல்லை. குரல் வழுக்கும்போது ஆர்மோனியம் ஓரமாக நின்று வழி காட்டினால் போதாதா?

தபேலாவின் கறுப்பு வட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். மிருதங்கத்தில் அதைக் கரணை என்பார்கள். அழுக்கு இல்லை, அலங்காரமும் இல்லை. இரும்புச்சத்துள்ள பொடியை மாவோடு சேர்த்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றியது. ஏன் ஏற்றினார்கள்? வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் பல ஒலிகள் ஒன்றாகக் கிளம்பும். முதல் ஒலி நொடிக்கு 100 அதிர்வு என்று வைத்துக்கொண்டால், அடுத்தது 159, அதற்கடுத்தது 214 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வரும். காதுக்கு அது வெறும் ‘தடால்’. தோலின் நடுவில் பாரம் ஏற்றினால் இந்த ஒலிகள் நகர்ந்து 200, 300 என்று முழு மடங்குகளை ஒட்டி வந்து நிற்கின்றன. தடால் போய் நாதம் வருகிறது. இதைக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன். 1920-இல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார். பிறகு தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவி அடித்து, மணல் எந்தக் கோட்டில் ஒதுங்கி நிற்கிறது என்று பார்த்துத் தோலின் அதிர்வைப் படமாகவே காட்டினார். ஒளியைப் பற்றிய ஆய்வுக்கு நோபல் பரிசு வாங்கிய அதே ராமன்தான். ஆனால் ராமன் விளக்கியதைப் பெயர் தெரியாத யாரோ ஒரு கைவினைஞர் பல நூறு ஆண்டுகளுக்கு முன் காதாலேயே கண்டுபிடித்துவிட்டார். இதை ராமனும் வியந்துதான் எழுதினார்.

சரி, கேள்விக்கு வருவோம். மெஹபூப் பாடியது எங்கே போனது?

சினிமாவுக்குப் பாடியது இருக்கிறது. அது இசைத்தட்டில் ஏறியது. இசைத்தட்டு என்பது குரலின் நடுக்கத்தை நெளிநெளியான பள்ளமாகக் கீறி வைத்தது. 1877-இல் எடிசன் முதன்முதலாகக் குரலைக் கீறி, திரும்பக் கேட்டார். பிறகு வந்த தட்டுகள் எதனால் செய்யப்பட்டன என்று நினைக்கிறீர்கள்? அரக்கு! பலாசம் போன்ற மரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் அரக்குப் பூச்சிகள் தம்மை மூடிக்கொள்ளச் சுரக்கும் பிசின். உலகத்துக்கே இந்தியக் காடுகளிலிருந்துதான் அதிகம் போனது. உலகத்தின் எத்தனையோ பெரிய பாடகர்களின் குரலை ஒரு காலத்தில் நம் ஊர்ப் பூச்சியின் பிசின்தான் தாங்கிப் பிடித்தது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் அடங்கும். படப் பாட்டுகள் மூன்று நிமிடத்தில் முடிவது இதனால் வந்த பழக்கம்.

மெஹ்ஃபில் மூன்று நிமிடத்தில் முடியாது. ஒரு வரியை நூறு விதமாகத் திருப்பிப் பாடுவார்கள். கேட்பவர் ‘வாஹ்’ என்றால் மறுபடி ஒரு தடவை. அந்த இரவுகளில் பெரும்பாலானவற்றில் ஒலிப்பதிவுக் கருவி இல்லை. கல்யாண வீடுகளில் டேப் ரெக்கார்டர் புழங்கத் தொடங்குவதற்குள் அவருடைய காலம் முடிந்துவிட்டது. எத்தனை நூறு இரவுகள்! பாயும் சுவரும் சட்டைகளும் கணக்கில் வராத அளவு சூடானதோடு சரி. எனக்கு இது ஒரு பெரிய இழப்பாகத்தான் படுகிறது.

கடல்களுக்கு அப்பால், பசிபிக்கின் நடுவில் ஹவாய்த் தீவுகள். அங்கே நடந்த ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இஸ்ரேல் கமகவிவோஓலே என்று ஒரு பாடகர். பெயரைச் சொல்ல நாக்கு சுளுக்கும், அங்கே எல்லாரும் சுருக்கமாக இஸ் என்பார்கள். மலைபோல் உடம்பு, மயிலிறகுபோல் குரல். கையில் உகுலேலே என்ற நான்கு தந்திக் குட்டி கித்தார். அதற்கு நம் கொச்சியோடு ஒரு தூரத்து உறவு உண்டு. மட்டாஞ்சேரியில் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் அரண்மனையை 1555 வாக்கில் கட்டிக்கொடுத்தவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். அதே நாட்டின் மதீராத் தீவுக்காரர்கள் 1879-இல் கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாய்க்குக் கப்பலேறியபோது தங்கள் சின்ன கித்தாரைக் கொண்டுபோனார்கள். அதுதான் அங்கே உகுலேலே ஆனது. ‘தாவும் தெள்ளுப்பூச்சி’ என்று பொருள் சொல்கிறார்கள்.

1988-இல் ஒருநாள் பின்னிரவு மூன்று மணி. ஹொனலூலுவில் ஒலிப்பதிவுக்கூடத்தை மூடிவிட்டுக் கிளம்பப் பார்த்தவருக்குத் தொலைபேசி வந்தது. இஸ் இப்போதே வந்து பாட வேண்டும் என்கிறார் என்று. கால் மணி நேரத்துக்குள் வரச் சொன்னார். இஸ் வந்தார், உட்கார்ந்தார், ‘ஓவர் தி ரெயின்போ’ என்ற பழைய படப் பாட்டை உகுலேலேயோடு ஒரே மூச்சில் பாடினார், கிளம்பிப் போனார். அந்த நாடா சில ஆண்டுகள் சும்மா கிடந்தது. 1993-இல் ஓர் இசைத் தொகுப்பில் சேர்த்தார்கள். 1997-இல், 38 வயதில், இஸ் இறந்தார். அந்தக் குரலை இன்று உலகம் முழுக்கக் கேட்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் ஒருவர் ‘நாளைக்கு வாருங்கள்’ என்று சொல்லியிருந்தால்? துருப்பொடி பூசிய நாடா அந்த இரவில் சுழன்றது, அவ்வளவுதான் வித்தியாசம். நாடாவில் இருக்கும் இரும்புத் துகள்கள் குட்டிக் காந்தங்கள். குரல் மைக்கில் மின்சாரமாகிறது, அந்த மின்சாரம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப அவை திசை திரும்பி அப்படியே நிற்கின்றன. குறுவட்டுகளில் நொடிக்கு 44,100 தடவை குரலின் ஏற்ற இறக்கத்தை அளந்து எண்களாக எழுதிவைக்கிறார்கள். வேலை ஒன்றேதான். நிற்காத நடுக்கத்தை நிற்கிற ஏதோ ஒன்றில் பதிப்பது.

ஹவாயிலிருந்து இன்னொன்றும் நமக்கு வந்தது. ஜோசப் கெகுகு என்ற ஹவாய் இளைஞர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கித்தார்த் தந்திகளின்மேல் ஓர் இரும்புத் துண்டை வைத்து இழுத்து வாசிக்கும் முறையைக் கொண்டுவந்தார். படிக்கட்டு சறுக்குமரம் ஆகிவிட்டது! 1940-களில் தாவ் மோ என்ற ஹவாய் இசைக்கலைஞர் கல்கத்தாவில் குடும்பத்தோடு தங்கி அதை வாசித்தார், கற்றுக்கொடுத்தார். குரல்போல வழுக்கும் கருவியை நம்மவர்கள் விடுவார்களா? அந்த வழியில் வந்த விஸ்வமோகன் பட் 1994-இல் கிராமி விருதே வாங்கினார்.

மட்டாஞ்சேரியில் மதியம் சாப்பிட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தபோது மருமகள் கேட்டாள்: “ரெக்கார்டே பண்ணலைன்னா, இந்த ஊர்க்காரங்களுக்கு அவர் பாட்டெல்லாம் எப்படித் தெரியும்?”

கேட்டவர்களின் மூளையில் பதிந்துவிட்டது. இதை உவமையாகச் சொல்லவில்லை. ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது மூளையின் நரம்பணுக்களுக்கு இடையே உள்ள இணைப்புகள் சில வலுக்கின்றன, சில புதிதாக உண்டாகின்றன. தட்டில் பள்ளம் விழுவதுபோல் உடம்பிலேயே ஓர் அடையாளம் விழுகிறது. தட்டுக்கும் மூளைக்கும் ஒரு வேறுபாடு: தட்டு உள்ளதை அப்படியே திருப்பிச் சொல்லும், மூளை கொஞ்சம் மாற்றிச் சொல்லும். அந்த மாற்றத்தில்தான் அடுத்த பாடகர் பிறக்கிறார்.

ஃபோர்ட் கொச்சியில் மெஹபூப் நினைவு இசைக்குழு என்று ஒன்று இருக்கிறது. அவர் பாட்டுகளை ஊர்க்காரர்களே சேர்ந்து பாடுகிறார்கள். மட்டாஞ்சேரியில் மெஹபூபின் பாட்டைக் கேட்டு வளர்ந்த ஒரு பையன் தபேலா கற்றான். பிழைப்புக்கு பம்பாய் போன இடத்தில் உஸ்தாத் முஜாவர் அலிகானிடம் இசை கற்றுத் திரும்பினான். அவர்தான் உம்பாயி. மலையாளத்தில் கஸல் பாட முடியுமா என்று கேட்டவர்களுக்குப் பாடிக்காட்டினார். 2018 ஆகஸ்ட் 1-இல் அவர் மறைந்தபோது கேரளமே துக்கப்பட்டது.

இன்னொருவர் எம்.கே. அர்ஜுனன். 1936-இல் ஃபோர்ட் கொச்சியில் மிக ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா இல்லை, சோற்றுக்கு வழியில்லை என்று சிறு வயதில் அவரையும் அவருடைய அண்ணனையும் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் தெரியுமா? நம் பழனியில் ஓர் ஆசிரமத்தில். அங்கேதான் அவர் இசை கற்றார். ஆர்மோனியக்காரராகக் கொச்சிக்குத் திரும்பி, மலையாளத் திரையின் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவரானார். 1981-இல் ‘அடிமச்சங்ஙல’ என்ற படத்துக்கு அவர் இசையமைத்தபோது, சென்னையிலிருந்த ஒரு சின்னப் பையனைக் கீபோர்டு வாசிக்க உட்கார வைத்தார். தம்மோடு வேலை பார்த்த ஆர்.கே. சேகரின் மகன் அவன். ஏ.ஆர். ரஹ்மான் என்று சொன்னால் உங்களுக்குத் தெரியும். மெஹபூப் காலமான அதே ஆண்டு.

ஊருக்குத் திரும்பியதும் மருமகள் ஒரு காரியம் செய்தாள். அவளுடைய அம்மாச்சி, அதாவது என் அம்மா, ஒரு தாலாட்டு பாடுவார். நான் கேட்டு வளர்ந்தது, அவள் அம்மா கேட்டு வளர்ந்தது. எழுதி வைத்ததே இல்லை. அதைக் கைப்பேசியில் பிடித்துவிட வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டாள். முதல் தடவை பதிந்ததைப் போட்டுக் கேட்டால் மின்விசிறியின் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டது. நாம் நேரில் கேட்கும்போது மூளை விசிறிச் சத்தத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் குரலை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். மைக்குக்கு அந்த வித்தை தெரியாது.

நீங்கள் செய்து பார்ப்பதானால் விசிறியை நிறுத்திவிடுங்கள். சன்னலைச் சாத்துங்கள். வெறும் சுவர் உள்ள அறை வேண்டாம், மெத்தையும் துணிமணியும் உள்ள படுக்கையறை நல்லது. சபீன் அறைக்குள் பரப்பிய மெத்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை மேசையில் நேராக வைக்காமல் மடித்த துண்டின்மேல் வையுங்கள், இல்லாவிட்டால் மேசையின் அதிர்வும் ஏறிவிடும். வாயிலிருந்து இரண்டு சாண் தூரம் போதும். நான்கு சாண் தள்ளி வைத்தால் குரல் நான்கில் ஒன்றாகிவிடும், நினைவிருக்கிறதா? தொடங்குமுன் பாடுபவரின் பெயர், ஊர், அன்றைய தேதி மூன்றையும் நீங்களே சொல்லிப் பதிந்துவிடுங்கள்.

இவ்வளவையும் பார்த்துச் செய்து இரண்டாம் தடவை பதிந்தாள். நன்றாக வந்தது. கடைசி வரிக்குச் சற்று முன்னால் அடுக்களையிலிருந்து குக்கர் ஒரு விசில் அடித்துவிட்டது. இன்னொரு தடவை பாடச் சொன்னதற்கு, தொண்டை வறண்டுவிட்டது, போதும் என்று சொல்லிவிட்டார் அம்மா. அந்த விசிலை வெட்டி எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “இருக்கட்டும் மாமா, அன்னைக்கு சோறு வெந்துச்சுல்ல” என்றாள்.